மொய் நோட்டும் கஞ்சித் தொட்டியும்

கேள்வி: ஐயா, வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் உள்ள எங்கள் சங்கத்துக்கு மூன்று வருடமாக நான் செயலாளர். ஒரே ஊர்ப்பக்கத்திலிருந்து மில்லுக்கும் ஹார்பருக்கும் வேலை தேடி வந்தவர்கள் 1964இல் ஆரம்பித்த சங்கம். 1981இல் பதிவு செய்தோம். இப்போது 312 உறுப்பினர்கள், மாதச் சந்தா 100 ரூபாய். உறுப்பினர் வீட்டில் சாவு விழுந்தால் அன்றைக்கே 25,000 ரூபாய் கொடுப்போம். ஃப்ரீசர் பாக்ஸ், பந்தல், நாற்காலி எல்லாம் போகும். உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவியும் உண்டு. சொந்தக் கட்டடத்தில் கீழே இரண்டு கடை, மாத வாடகை மொத்தம் 18,000. பேங்கில் 18 லட்சம் டெபாசிட். சங்கத்தில் உறுப்பினராக இல்லாத வியாபாரி ஒருவர், நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரியில் கழிவு தரும் 80ஜி சான்றிதழ் இருந்தால் 10 லட்சம் தருகிறேன் என்கிறார். படிப்பு உதவியில் தன் தம்பி பிள்ளைகள் இரண்டு பேருக்கு இடம் வேண்டும் என்பது அவர் நிபந்தனை. ஏஜெண்ட் ஒருவர், பைலாவில் (சங்க விதிகளில்) 'பொதுமக்கள்' என்று ஒரு வார்த்தை சேர்த்தால் போதும், 40,000 ரூபாயில் முடித்துத் தருகிறேன் என்கிறார். சங்கத்துப் பெரியவர்கள் வேண்டாம் என்கிறார்கள். அறுபது வருடமாக நல்லதுதானே செய்கிறோம், எங்களை ஏன் அற நிறுவனமாக ஏற்கக் கூடாது?
— செயலாளர், பழைய வண்ணாரப்பேட்டை

அன்புள்ள செயலாளர் அவர்களுக்கு,

ஏஜெண்டுக்கு இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன் (மேலே இருப்பது அதன் சுருக்கம்தான்). இப்படிப்பட்ட சங்கங்களை வெளியிலிருந்து பார்த்தவன் இல்லை நான். 1987இல் என் அப்பா இறந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா பி அண்ட் சி மில் தொழிலாளி, வீடு தண்டையார்பேட்டையில். அப்போது ஃப்ரீசர் பாக்ஸ் கிடையாது. மரத்தூள் ஒட்டிய ஐஸ் பாளத்தைச் சாக்கில் சுற்றி ரிக்‌ஷாவில் வைத்துக்கொண்டு, ராத்திரி பதினோரு மணிக்கு அப்பாவின் சங்கத்துக்காரர் ஒருவர் வந்து இறங்கினார். பெஞ்சை அவரே இழுத்துப் போட்டார். அம்மாவின் கையில் ஒரு கவரைக் கொடுத்தார், உள்ளே 500 ரூபாய். ஒரு நோட்டை நீட்டி கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். அழுதுகொண்டிருக்கும் பெண்ணிடம் கையெழுத்து கேட்கிறாரே என்று எனக்கு அன்றைக்குக் கோபம் வந்தது. பின்னால்தான் புரிந்தது. அந்தக் கையெழுத்து இருந்ததால் அம்மா யாரிடமும் கைநீட்டி வாங்கியவளாக ஆகவில்லை. அப்பா பதினெட்டு வருடம் கட்டிய சந்தாவை அவள் வாங்கிக்கொண்டாள், அவ்வளவுதான்.

உங்கள் கேள்விக்கான பதில் அந்தக் கையெழுத்தில்தான் இருக்கிறது.

நம் ஊர்க் கல்யாணங்களில் மொய் எழுதுகிறோம். யார் எவ்வளவு வைத்தார்கள் என்று நோட்டில் ஏறும். நாளைக்கு அவர்கள் வீட்டு விசேஷத்தில் அது திரும்பிப் போகும். மொய் நல்ல பழக்கம். எத்தனையோ கல்யாணங்கள் மொய்ப் பணத்தால்தான் கடனில்லாமல் நடந்திருக்கின்றன. ஆனால் மொய்யை யாரும் தர்மம் என்று சொல்வதில்லை. உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்டான்லி மருத்துவமனையை வயசானவர்கள் இன்றும் என்ன பெயரில் சொல்கிறார்கள்? கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி. 1782இல் பஞ்சம் வந்தபோது அங்கே ஊர் மணியக்காரர் கஞ்சி ஊற்ற ஆரம்பித்தார். அதுதான் மணியக்காரர் சத்திரம் ஆனது. கஞ்சித் தொட்டியின் முன்னால் வந்து நின்றவனிடம் எந்த ஊர், சந்தா கட்டினாயா, அப்பன் பெயர் நோட்டில் இருக்கிறதா என்று கேட்டால் அது கஞ்சித் தொட்டி ஆகாது. பசி ஒன்றுதான் அங்கே தகுதி.

உங்கள் சங்கம் மொய் நோட்டு. வருமான வரிச் சட்டம் கேட்பது கஞ்சித் தொட்டியை. இரண்டில் எது உயர்ந்தது என்ற விவாதம் இதில் இல்லை. என்னைக் கேட்டால், மில் மூடிய 1996க்குப் பிறகு பெரம்பூரிலும் புளியந்தோப்பிலும் பல குடும்பங்கள் தலைநிமிர்ந்து நின்றதற்கு இந்த மொய் நோட்டுச் சங்கங்களும் ஒரு காரணம். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் பிறந்ததும் அதே மில் தொழிலாளர்களிடையேதான். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்ளும் பழக்கம் இந்த மண்ணுக்குப் பழசு. ஆனால் சட்டத்தின் பார்வையில் அதற்குப் பெயர் பரஸ்பர உதவி. அறப்பணி என்பது வேறு.

ஏன் வேறு என்று கேட்பீர்கள். 80ஜி என்றால் என்ன என்பதைப் பணமாகவே பார்ப்போம். உங்கள் வியாபாரி பழைய வரி முறையில் 30 சதவீத அடுக்கில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 லட்சம் கொடுத்தால் அதில் பாதி, அதாவது 5 லட்சம், அவருடைய வருமானத்திலிருந்து கழியும். வரியில் ஒன்றரை லட்சம் அவருக்கு மிச்சம், செஸ் வேறு. அந்த ஒன்றரை லட்சத்தை யார் கொடுத்தது? அரசாங்கம் வாங்காமல் விட்டது. அதாவது காசிமேட்டில் மீன் கூடை சுமக்கிற அம்மா சோப்புக்கும் பிஸ்கெட்டுக்கும் ஜி.எஸ்.டி. கட்டுகிறாரே, அவரும் சேர்ந்து கொடுத்தது. அந்த அம்மாவின் பேத்தி உங்கள் படிப்பு உதவிக்கு விண்ணப்பிக்க முடியுமா? முடியாது. அவருடைய மகன் உங்கள் ஊர்ப்பக்கத்து வாரிசு இல்லை. அப்படியென்றால் அவருடைய பணத்தை ஏன் இதில் போட வேண்டும்? இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடியாதவரை 80ஜி கேட்கக் கூடாது என்பது என் திடமான கருத்து. சட்டம் அனுமதித்தாலும் கேட்கக் கூடாது. சட்டமும் அனுமதிக்கவில்லை.

இந்தக் கேள்வியை நீதிமன்றங்கள் ரொம்ப காலமாகக் கேட்டு வருகின்றன. இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் ஆயுதத் தொழிற்சாலை ஒன்றின் தொழிலாளர்கள் தங்களுக்குள் வாரா வாரம் பணம் போட்டு ஒரு நிதி வைத்திருந்தார்கள். குண்டு விழுந்து வீட்டை இழந்த சக தொழிலாளிக்கு அதிலிருந்து உதவினார்கள். போர் முடிந்ததும் மிச்சப் பணம் யாருக்கு என்று 1946இல் வழக்கு வந்தது. குண்டு விழுந்த வீட்டுக்கு உதவியதை விட உருக்கமான காரியம் என்ன இருக்கிறது? இருந்தும் நீதிமன்றம், இது தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு, பொது அறம் ஆகாது என்றது. மிச்சம் போட்டவர்களுக்கே திரும்பியது. 1951இல் ஒரு புகையிலைக் கம்பெனியின் தொழிலாளர் பிள்ளைகளுக்கான கல்வி நிதி வழக்கு. தொழிலாளர் எண்ணிக்கை மட்டும் 1,10,000க்கு மேல். அத்தனை பேர் இருந்தும் ஒரே முதலாளியிடம் வேலை என்ற கயிறுதான் அவர்களைக் கட்டுகிறது, அது பொதுமக்களின் ஒரு பிரிவு ஆகாது என்று தீர்ப்பு வந்தது. 1957இல் ஃப்ரீமேசன் சகோதர சங்கம், தன் கட்டடத்துக்கு அறச் சலுகை கேட்டுத் தோற்றது. இப்போது அந்த மேசன்கள் அறப்பணிக்கென்று தனி அமைப்பைப் பதிவு செய்து நடத்துகிறார்கள், சபை சபையாகவே இருக்கிறது. அமெரிக்காவில் சகோதர சங்கங்களுக்குத் தனிப் பிரிவே உண்டு. சங்கத்துக்கு வரி கிடையாது, ஆனால் நன்கொடை கொடுத்தவருக்குக் கழிவு வேண்டுமானால் அந்தப் பணம் முழுக்க அறக் காரியத்துக்கு மட்டும் போக வேண்டும். நம் ஊரில் ரோட்டரி, லயன்ஸ் சங்கங்கள் பலவும் தனி டிரஸ்ட் வைத்திருப்பது இதனால்தான்.

இந்தியாவில் ஒரு கிளைக்கதை உண்டு. உங்களைப் போன்ற சங்கத்துக்காரர்கள் அதைப் பாதி கேள்விப்பட்டுவிட்டு வருவார்கள், அதனால் சொல்கிறேன். 1971இல் அகமதாபாத் ராணா சாதிச் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு சாதியும் பொதுமக்களின் ஒரு பிரிவுதான், எல்லா மனிதர்களுக்கும் பயன்பட வேண்டும் என்பதில்லை என்றது. உண்மைதான். ஆனால் அது 1922ஆம் வருடத்துச் சட்டத்தின் கீழ் வந்த வழக்கு. 1961 சட்டம் அந்தக் கதவைச் சாத்திவிட்டது. 1962 ஏப்ரலுக்குப் பிறகு தோன்றிய அற நிறுவனம் ஒரு குறிப்பிட்ட மதத்தின் அல்லது சாதியின் நலனுக்காக என்றால், 13(1)(பி) பிரிவின்படி விலக்கு இல்லை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கென்று ஏற்படுத்தியவற்றை மட்டும் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. உங்கள் சங்கத்துக்குச் சாதி சிக்கல் இல்லை, பைலாவில் அப்படி ஒரு வார்த்தையும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. உங்களுடைய தடை வேறு. உறுப்பினர் என்ற சொந்தம்தான் உங்கள் தடை.

(பிரிவு எண்களைப் பழைய 1961 சட்டத்தின்படியே சொல்கிறேன். 2025இல் நிறைவேறிய புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. அதில் எண்கள் எல்லாம் மாறிவிட்டன. வங்கியிலும் சங்கத்திலும் எல்லோர் வாயிலும் இருப்பது 12ஏ (அற நிறுவனமாகப் பதிவு), 80ஜி தான்.)

சரி, இப்போது உங்கள் சங்கத்தின் கணக்குக்கு வருகிறேன். உங்களுக்கே தெரியாத நல்ல செய்தி ஒன்று இருக்கிறது.

உறுப்பினர்கள் கட்டும் சந்தா, வருடத்துக்கு 3,74,400 ரூபாய். இதற்கு வரி கிடையாது. கொடுக்கிறவர்களும் வாங்கிக்கொள்கிறவர்களும் ஒரே கூட்டம் என்றால் அங்கே லாபம் என்ற பேச்சே இல்லை. தன் பணத்தைத் தன் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாற்றுவது போலத்தான். இதைப் பரஸ்பரக் கோட்பாடு என்கிறோம், உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்ப ஒத்துக்கொண்ட விஷயம். கடை வாடகையும் பேங்க் வட்டியும் வெளியிலிருந்து வருபவை. அவற்றுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. வட்டி விஷயத்தில் 2013இல் பெங்களூர் கிளப் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். உங்கள் வாடகை வருடத்துக்கு 2,16,000, அதில் 30 சதவீதம் சட்டப்படி கழித்தால் 1,51,200. வட்டி சுமார் 1,26,000. மொத்தம் 2,77,200. 2025-26இல் 4 லட்சம் வரை வரி இல்லை, அந்த அடுக்கு உங்களைப் போன்ற பதிவு பெற்ற சங்கத்துக்கும் பொருந்தும். ஆக, கட்ட வேண்டிய வரி பூஜ்யம்.

அறுபது வருடமாகச் சங்கத்துக்கு விலக்கு இல்லையே என்று நீங்கள் வருத்தப்படுகிறீர்கள். விலக்கே தேவையில்லாத இடத்தில் நிற்கிறீர்கள். பேங்கில் வட்டியிலிருந்து முன்கூட்டியே வரி (டி.டி.எஸ்.) பிடித்திருந்தால் வருமான வரி ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். போன மூன்று வருடமாக யாரும் ரிட்டர்ன் போடவில்லை என்ற வரியைப் படித்ததும் மனசு கஷ்டமாக இருந்தது. அது விதவைகளுக்குப் போக வேண்டிய பணம்.

இப்போது சங்கத்தையே அற நிறுவனமாக மாற்றினால் என்ன ஆகும் என்று பாருங்கள். வருமானத்தில் 85 சதவீதத்தை அறக் காரியத்துக்குச் செலவிட வேண்டும். உறுப்பினர் குடும்பத்துக்குக் கொடுக்கும் 25,000 அந்தக் கணக்கில் சேராது. சேராது என்றால் உங்கள் சங்கம் எதற்காக ஆரம்பித்ததோ அதைச் செய்ய முடியாது. ஏஜெண்ட் சொல்லும் 'பொதுமக்கள்' என்ற ஒரு வார்த்தை உதவுமா? விண்ணப்பம் போனதும் அதிகாரி பைலாவை மட்டும் பார்ப்பதில்லை. மூன்று வருடக் கணக்கு, படிப்பு உதவி வாங்கியவர்களின் பட்டியல், அவர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் என்ன உறவு என்று கேட்பார். வேறொரு சங்கத்துக்காக அப்படி ஒரு விசாரணையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். நான் போவதற்கு முன்பே வேறு யாரோ விண்ணப்பம் போட்டுவிட்டார்கள். பட்டியலில் இருந்த பிள்ளைகள் எல்லோருடைய அப்பா பெயரும் உறுப்பினர் பதிவேட்டில் இருந்தது. அதிகாரி இரண்டு தாளையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பென்சிலால் ஒவ்வொரு பெயராக டிக் அடித்துக்கொண்டே வந்தார். கடைசிப் பெயர் வரைக்கும் டிக். பிறகு நிமிர்ந்து, "சார், இதுல பொதுமக்கள் யாரு?" என்று கேட்டார். அவர் குரலில் கேலி இல்லை. எங்களிடம் பதிலும் இல்லை.

தப்பித் தவறிப் பதிவு கிடைத்துவிட்டால் அது இன்னும் ஆபத்து. உள்ளே போன அமைப்பு பின்னால் பதிவை இழந்தால், சேர்ந்த சொத்தின் சந்தை மதிப்பில் கடன் போக மிச்சத்துக்கு உச்ச விகிதத்தில் வரி போடும் பிரிவு ஒன்றை 2016இல் கொண்டுவந்தார்கள், 115டிடி. பதிவுக்கு முன்பே வாங்கி, அதுவரை எந்த விலக்கும் அனுபவிக்காத சொத்தை அதில் சேர்க்க மாட்டார்கள். அந்த வகையில் உங்கள் பழைய கட்டடம் தப்பிக்க வாய்ப்பு உண்டு. ஆனால் பதிவுக்குப் பிறகு அந்த 10 லட்சத்தைப் போட்டு மாடி எழுப்பினால், அந்த மாடி தப்பாது. அப்புறம் ஒன்று. சங்கம் கலைந்தால் சொத்து இன்னொரு அற நிறுவனத்துக்குத்தான் போக வேண்டும் என்ற நிபந்தனையைப் பைலாவில் எழுதியாக வேண்டும். 1964இல் ஒவ்வொரு செங்கலுக்கும் சம்பளத்தில் பிடித்துக் கொடுத்த பெரியவர்கள் இதற்கு ஒத்துக்கொள்வார்களா? அவர்கள் வேண்டாம் என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது. காரணம் சொல்லத் தெரியவில்லை என்பதற்காக அவர்கள் சொல்வது தப்பாகிவிடாது.

அப்படியென்றால் சான்றிதழ் இல்லாமலே வியாபாரியிடம் 10 லட்சம் வாங்கிக்கொள்ளலாமா என்று அடுத்த கேள்வி வரும். வாங்காதீர்கள். உறுப்பினரல்லாத ஒருவர் 50,000 ரூபாய்க்கு மேல் சும்மா கொடுத்தால், 12ஏ பதிவு இல்லாத சங்கத்துக்கு அது முழுவதும் வருமானம், 56(2)(எக்ஸ்) பிரிவு. உங்கள் 2,77,200உடன் 10 லட்சம் சேர்ந்தால் சுமார் 74,000 ரூபாய் வரி வரும். தனிநபருக்குக் கிடைக்கும் 87ஏ தள்ளுபடியும் சங்கத்துக்குக் கிடையாது.

அந்த வியாபாரியிடமும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்: அவர் எந்த வரி முறையில் இருக்கிறார்? இப்போது பெரும்பாலோர் இருக்கும் புதிய முறையில் 80ஜி கழிவே கிடையாது. பழைய முறையில் இருந்தாலும், கழிவுக்கு எடுத்துக்கொள்ளும் நன்கொடைக்கு அவர் வருமானத்தில் 10 சதவீதம் என்ற உச்சவரம்பு உண்டு. 10 லட்சத்துக்கும் முழுப் பலன் வேண்டுமென்றால் ஆண்டு வருமானம் ஒரு கோடியாவது இருக்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதற்கும் கழிவு இல்லை. இதையெல்லாம் சொன்ன பிறகும் கொடுக்கிறேன் என்றால் அவர் உண்மையிலேயே கொடுக்க விரும்புகிறவர், அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் தம்பி பிள்ளைகளுக்கு இடம் என்ற நிபந்தனையை அவர் விட்டாக வேண்டும். பெரிய தொகை கொடுத்தவருடைய உறவினருக்கு அறப்பணத்திலிருந்து பலன் போனால் விலக்குக்கே வேட்டு வைத்தது 13ஆம் பிரிவு; 2025இல்தான் அந்த உறவினர் பட்டியலைத் தளர்த்தினார்கள். தளர்த்தினாலும், கொடுத்தவர் சொல்லும் பிள்ளைகளுக்கென்று இடம் ஒதுக்கினால் அது பொது அறம் ஆகாது. செக்காக வாங்கிக்கொண்டு ஒரு பகுதியை ரொக்கமாகத் திருப்பித் தரலாம் என்று அந்த ஏஜெண்ட் யோசனை சொன்னால், அது குற்றம். நிர்வாகிகளின் பெயரில் வழக்கு வரும். வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

என்னதான் செய்வது?

சங்கம் சங்கமாகவே இருக்கட்டும். சந்தா, 25,000, பெரியவர்கள், எல்லாம் அப்படியே. பைலாவில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்வேன், வரிக்காக இல்லை. 'உறுப்பினரின் ஆண் வாரிசு' சேரலாம் என்று இருக்கிறதே, அதில் 'ஆண்' என்பதை எடுத்துவிடுங்கள். உங்கள் உறுப்பினர்களின் பெண்கள் கணவனை இழந்து நிற்கும்போது எந்த நோட்டில் அவர்கள் பெயர் இருக்கிறது?

அறப்பணிக்குத் தனியாக ஒரு டிரஸ்ட் தொடங்குங்கள். தனி டீடு (டிரஸ்ட் பத்திரம்), தனி பான், தனி வங்கிக் கணக்கு. டிரஸ்டிகளில் மூன்று பேர் சங்கத்திலிருந்து வரட்டும், இரண்டு பேர் வெளியாட்கள், உங்கள் பகுதி ஆசிரியர் ஒருவர், செவிலியர் ஒருவர் என்று இருக்கட்டும். நோக்கம் கல்வி உதவி, மருத்துவ உதவி. யாருக்கு என்ற இடத்தில் வட சென்னையில் வசிக்கும் எவருக்கும் என்று எழுதுங்கள். ஒரு பகுதியில் வசிப்பவர்கள் என்பது பொதுமக்களின் பிரிவுதான், அதில் சட்டத்துக்கு உறுத்தல் இல்லை. உறுப்பினர் பிள்ளைகளை விலக்க வேண்டியதில்லை. அதே விண்ணப்பம், அதே மதிப்பெண், அதே வருமானக் கணக்கு, மற்ற பிள்ளைகளோடு வரிசையில் நிற்கட்டும். டிரஸ்டிகளின் சொந்தப் பிள்ளைகளும் உறவுப் பிள்ளைகளும் மட்டும் வேண்டாம்.

இதற்கு 12ஏபி பதிவும் (12ஏ என்று எல்லோரும் சொல்வது இதைத்தான்) 80ஜியும் முதலில் தற்காலிகமாக மூன்று ஆண்டுக்குக் கிடைக்கும். வேலையைத் தொடங்கிய ஆறு மாதத்துக்குள் முறையான பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இந்த ஆறு மாதத்தைக் கோட்டைவிட்டு வருகிறவர்கள்தான் என் ஆபீஸில் அதிகம், அதனால் காலண்டரில் சிவப்பு மையால் எழுதி மாட்டுங்கள். சிறிய அமைப்புகளுக்கு, அதாவது ஆண்டு வருமானம் 5 கோடிக்குள் இருப்பவர்களுக்கு, பதிவு 10 ஆண்டு செல்லும்படி 2025இல் தளர்த்தியிருக்கிறார்கள். நன்கொடை ரசீதைக் கையால் எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது. வருடம் முடிந்ததும் நன்கொடையாளர் பட்டியலைத் துறையின் தளத்தில் ஏற்றி, அங்கிருந்து வரும் சான்றிதழைத் தர வேண்டும். அது இல்லாமல் அவர்களுக்குக் கழிவு கிடைக்காது.

பணம் எங்கே என்றால், அந்தப் 10 லட்சம் இந்த டிரஸ்டுக்கு வரட்டும். சங்கமும் பொதுக்குழுவில் தீர்மானம் போட்டுத் தன் பங்கைக் கொடுக்கலாம். டிரஸ்ட் உங்கள் கட்டடத்தில் ஒரு அறையைப் பயன்படுத்தினால் வாடகை வாங்காதீர்கள், அல்லது ஊர் விலைக்குக் கீழே வாங்குங்கள். டிரஸ்ட் பணம் வாடகையாகச் சங்கத்துக்கு ஓடுகிறது என்ற பேச்சே வரக் கூடாது.

அந்த ஃப்ரீசர் பாக்ஸைப் பற்றி. அதை டிரஸ்டுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. உங்கள் தெருவில் சங்கத்துக்காரர் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையில் ஒரு சுவர்தான். ஒரு வீட்டில் செத்தவருக்கு பாக்ஸ் வருகிறது, அடுத்த வீட்டில் பிள்ளை வெளியூரிலிருந்து வந்து சேரும் வரைக்கும் ஐஸ் கட்டியோடு மல்லுக்கட்டுகிறார்கள். எந்தச் சட்டப் பிரிவும் உங்களை இதற்குக் கட்டாயப்படுத்தாது. உறுப்பினர் வீட்டுக்கு முதல் உரிமை, பாக்ஸ் சும்மா இருக்கும் நாளில் யாருக்கும் என்று சங்கத்திலேயே வைத்துக்கொண்டாலும் சரிதான்.

உங்களால் இது முடியுமா என்ற சந்தேகம் எனக்கு இல்லை. அதற்குக் காரணம் உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கம். கேள்வியெல்லாம் முடிந்து, கையெழுத்துக்குக் கீழே, பின்குறிப்பாக எழுதியிருக்கிறீர்கள்: 2023 டிசம்பர் வெள்ளத்தில் சங்க மாடியில் மூன்று நாள் சமைத்தோம், முதல் நாள் உறுப்பினர் அட்டை பார்த்துத்தான் பொட்டலம் கொடுத்தோம், இரண்டாம் நாள் இடுப்பளவு தண்ணீரில் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு பெண் வந்தாள், அதற்குப் பிறகு யாரிடமும் அட்டை கேட்கவில்லை என்று. அந்தப் பெண் யார் என்றே தெரியாது என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

அந்த மூன்று நாளைக்கான அரிசி பில், கேஸ் பில், யாராவது எடுத்த போட்டோ, பொட்டலம் கணக்கு எழுதிய நோட்டு, எதுவாக இருந்தாலும் தேடி எடுத்து வையுங்கள். டிரஸ்ட் தொடங்கப் போவது யார் என்று அதிகாரிக்குச் சொல்ல அந்த நோட்டுதான் முதல் தாள். அதோடு பைலா நகல், மூன்று வருட வரவு செலவு, கட்டடப் பத்திரம், பேங்கின் டி.டி.எஸ். விவரம் ஆகியவற்றையும் ஒரு கவரில் போட்டு வைத்துக்கொண்டு, பொதுக்குழுவைக் கூட்டுங்கள். பெரியவர்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள். சங்கத்தின் சந்தாப் பணத்தில் யாரும் கை வைக்கப் போவதில்லை என்பதை முதல் தீர்மானமாகவே எழுதிப் படியுங்கள், டிரஸ்ட் பேச்சு இரண்டாவதாக வரட்டும்.